யானை வாங்கினவர் அங்குசத்துக்கு யோசிக்கலாமா?

சென்ற இதழில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி எழுதும்போது, ‘கடைசியில் மிஞ்சுகிற காசில் எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க எஸ்எம்பிஎஸ் தான், அதாவது சுவரிலிருந்து வரும் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற சின்ன வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. 22 வருடமாகப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறவள் என்ற உரிமையில் அங்கங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேசியிருப்பேன். ‘சார்’ என்று விளித்து எழுதியவர்களுக்கும் பதில் உண்டு. ‘அக்கா’ என்று எழுதியவர்களுக்கு ஒரு வரி கூடுதலாக உண்டு.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு இரண்டும் வாங்கிவிட்டேன். கையிருப்பு தீர்ந்துவிட்டது. கேபினட்டோடு சேர்ந்தே ஒரு 500 வாட் எஸ்எம்பிஎஸ் வந்திருக்கிறது. இப்போதைக்கு அதைப் போட்டு ஓட்டலாமா? அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, படம் அனுப்பினாயே, அதற்காகவே முதல் இடம் உனக்கு. பெரும்பாலானவர்கள் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணை மட்டும்தான் எழுதுகிறார்கள்.

உன் ஸ்டிக்கரில் மூன்று கட்டங்கள் முக்கியம். 3.3 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 32 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். முதல் கட்டம் 99, இரண்டாவது 160, மூன்றாவது 216. கூட்டினால் 475. மிச்சமிருக்கும் சில்லறைக் கட்டங்களையும் சேர்த்தால் 500 பக்கம் வந்துவிடும். இப்படித்தான் அந்த 500 பிறந்திருக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 3.3க்கும் 5க்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று தனியாக ஒரு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். உன்னுடையதில் அதுவும் இல்லை.

இதில் உனக்கு வேலைக்கு ஆகிற எண் எது தெரியுமா? கடைசி 216 மட்டும்தான். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமாக 12 வோல்ட் லைனிலிருந்துதான் எடுக்கின்றன. 3.3, 5 வோல்ட் லைன்களில் நீ மாட்டப்போவது எஸ்எஸ்டி, யூஎஸ்பி மாதிரி சின்னச் சின்ன சாமான்கள். அங்கே 259 வாட்டைக் கொட்டிவைத்து என்ன பிரயோஜனம்? ஒரு காலத்தில் பிராசஸர்கள் 5 வோல்ட் லைனைத்தான் நம்பியிருந்தன. பெண்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் கனெக்டர் வந்தது. 2003இல், எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஏடிஎக்ஸ்12வி விதிமுறையின் 2.0 பதிப்பு மொத்தக் கனத்தையும் 12 வோல்ட் பக்கம் மாற்றிவிட்டது. உன் கேபினட்டோடு வந்தது இத்தனை வருடம் கழித்தும் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

இப்போது செலவுப் பக்கம். உன் பிராசஸரின் பெட்டியில் 105 வாட் என்று இருக்கும். வேலை கொடுத்தால் 142 வாட் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. கார்டு 200 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒரு 60 வை. 402 வாட் ஆயிற்று. 216 வாட் வரவில் 400 வாட் குடும்பம் நடத்த முடியுமா?

650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கு. ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் 54 ஆம்பியர் சுமாருக்கு இருக்கிறதா என்று பார். நல்ல தயாரிப்பில் மொத்த வாட்டும் 12 வோல்ட் வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குப்பை கழிந்துவிடும். மீதியைக் கழிக்க, எத்தனை வருட வாரண்டி என்று பார். கேபினட்டோடு இலவசமாக வருகிறவற்றுக்கு ஒரு வருடம் தருவதே பெரிது. தன் சரக்கின் மேல் நம்பிக்கை உள்ளவர்கள் 5 முதல் 10 வருடம் வரை தருகிறார்கள்.

காசு சேரும் வரை பொறுக்க முடியாது என்றால், உன் பிராசஸரில் உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிக்கொண்டு படிப்பு வேலையைப் பார். கார்டு பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கட்டும். யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு ஒரு மாதம் காத்திருப்பதில் தப்பில்லை. கூடுதல் வரி: அந்த 500 வாட்டை யாருக்கும் தானமாகக் கொடுத்துவிடாதே.

கேள்வி: 1000 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் எகிறும் என்கிறாரே என் கணவர்?

பதில்: எகிறாது. கம்ப்யூட்டர் உள்ளே எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து இழுக்கும், கூடவே தன் சேதாரத்தையும் சேர்த்து. பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினால் வீட்டில் தாகம் அதிகமாகிவிடுமா என்று அவரைக் கேளுங்கள். ஆனால் அந்தப் பெரிய தொட்டி உங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. அலுவலக வேலைக்கான கம்ப்யூட்டருக்கு 1000 வாட் வீண்.

கேள்வி: 80 பிளஸ் கோல்டு வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம்தானே? புரோன்ஸுக்கும் (வெண்கலம்) கோல்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

பதில்: ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம். 80 பிளஸ் என்பது 2004இல் தொடங்கிய சான்று. அது முக்கியமாக அளப்பது இதைத்தான்: சுவரிலிருந்து எடுத்ததில் எத்தனை சதவீதம் உள்ளே போய்ச் சேருகிறது, எத்தனை வெப்பமாகிப் போகிறது. 115 வோல்ட் கணக்கில், பாதி லோடில் புரோன்ஸ் 85 சதவீதம், கோல்டு 90, டைட்டானியம் 94. உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைத்துக் கொடுக்கும் கெபாசிட்டர் எத்தனை வருடம் தாங்கும், ஷார்ட் ஆனால் சரியாகத் துண்டிக்குமா, ஃபேன் இரைச்சல் போடுமா என்றெல்லாம் அந்தச் சான்று வாயே திறக்காது. சோதனையும் சாதாரண அறை வெப்பத்தில் நடக்கிறது. உங்கள் கேபினட்டின் உள்ளே, கிராபிக்ஸ் கார்டின் அனல் அடிக்கிற இடத்தில் அல்ல.

பில் கணக்கையும் போட்டுவிடுவோம். உங்கள் கம்ப்யூட்டர் 300 வாட் கேட்கிறது என்று வையுங்கள். 85 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 353 வாட் போகும், 90 சதவீதத்தில் 333. வித்தியாசம் 20 வாட். தினமும் 5 மணி நேரம் அப்படி ஓட்டினால் 10 நாளுக்கு ஒரு யூனிட் மிச்சம், வருடத்துக்கு 36 சுமார். இதை மட்டும் நம்பி கோல்டு வாங்காதீர்கள். ஆனால் கோல்டு வாங்க வேறு காரணம் இருக்கிறது. அந்தத் திறனை எட்ட நல்ல டிசைனும் நல்ல பாகங்களும் வேண்டும் என்பதால், கோல்டு சான்று பெற்றவற்றில் மட்டமானவை குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த இன்னொரு கண் அதற்குத்தான்.

கேள்வி: கேம் விளையாடும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று வருகிறது. பவர் என்று இருப்பதால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்கிறார்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, 750 வாட். கார்டு 300 வாட்டுக்கு மேல் எடுக்கும் ரகம்.

பதில்: அந்த 41ஐப் பார்த்து எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் என் மேசைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், மாற்றிய பிறகும் அதே நோயோடு. 41 சொல்வது இவ்வளவுதான்: ‘போன தடவை என்னை முறையாக ஷட் டவுன் செய்யவில்லை.’ கரண்ட் போனாலும் அதே 41 தான், வெப்பம் தாங்காமல் நின்றாலும், ராம் தகராறு செய்தாலும் அதே 41 தான். வீட்டில் யாரோ மயங்கி விழுந்தார் என்பதற்கு மேல் அதில் செய்தி கிடையாது.

எஸ்எம்பிஎஸ் மேல் எனக்குச் சந்தேகம் வரும் அடையாளம் வேறு. மெஷின் ரீஸ்டார்ட் ஆகாமல் ஒரேயடியாக அணைந்துபோய், பின்னால் உள்ள சுவிட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தால்தான் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்பை இயக்கித் தானே கதவைச் சாத்திக்கொண்டது என்று பெரும்பாலும் நம்பலாம். உங்களுக்கு ரீஸ்டார்ட் ஆகிறது என்பதால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கார்டின் சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே கேமை ஒரு மணி நேரம் விளையாடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் மின்சாரப் பக்கம் தேடலாம். நிற்கவில்லை என்றால் ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆஃப் செய்து பாருங்கள்.

மின்சாரப் பக்கம் என்றால் முதலில் கேபினட் கதவைத் திறந்து கேபிளைப் பாருங்கள். போன வருடம் ஒருவர் இதே புகாரோடு வந்தார். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போனது ஒரே ஒரு கேபிள். அதன் நுனியில் வால் மாதிரி இன்னொரு 8 பின் தொங்குமே, அதை இரண்டாவது சாக்கெட்டில் மாட்டியிருந்தார். ஒரு 8 பின் கனெக்டருக்கு விதிமுறை வைத்திருப்பது 150 வாட். இவர் இரண்டு கனெக்டரின் பாரத்தையும் எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒரே சாக்கெட்டில், ஒரே கம்பிக் கட்டில் ஏற்றிவிட்டார். தொட்டுப் பார்த்தால் கேபிள் வெதுவெதுப்பாகவே இருந்தது. உபயோகிக்காத இரண்டாவது கேபிள் பெட்டியில் பிரிக்காத கவருக்குள் கிடந்தது. அதை மாட்டினேன், தகராறு தீர்ந்தது. நான் கூலி கேட்கக் கூச்சப்பட்ட வேலைகளில் அதுவும் ஒன்று.

அதுவும் இல்லையென்றால், கார்டின் துள்ளலாக இருக்கலாம். 300 வாட் கார்டு என்பது சராசரிக் கணக்கு. ஒரு மில்லி செகண்டைவிடக் குறைந்த நேரத்துக்கு அது அதன் இரு மடங்குகூட இழுக்கும். மானிட்டரில் தெரியாது, வாட் மீட்டரிலும் தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் தெரியும். சில எஸ்எம்பிஎஸ்கள் அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்துபோய்த் துண்டித்துவிடும். இதற்காகத்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, 100 மைக்ரோ செகண்டுக்கு இரு மடங்கு லோடு வந்தாலும் எஸ்எம்பிஎஸ் அசையாமல் நிற்க வேண்டும் என்கிறது. பெரிய கார்டு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை வாங்கும்போது ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாட்டைக் கூட்டிக்கொண்டே போவதைவிட அது புத்திசாலித்தனம்.

கேள்வி: கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றப்போகிறேன். பழைய கேபிள்களை அழகாகக் கட்டிவைத்திருக்கிறேன், புதியதும் அதே கம்பெனிதான். பழைய கேபிளையே விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் மெஷின். ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி. கேபிள்களைக் கேபினட்டின் பின்பக்கம் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார். அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. மற்ற கேபிள்களை மாற்றிவிட்டு, டிரைவ்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா கேபிளை மட்டும் அப்படியே புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். சிக்கலில்லாமல் உள்ளே போனது, ‘கிளிக்’ என்றுகூடச் சொன்னது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் கால் சுற்று சுற்றி நின்றது. அடுத்த நொடி அந்த வாசனை. ரிப்பேர் மேசையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பிளாஸ்டிக்கும் உலோகமும் சேர்ந்து கருகிய அந்தக் காரம் தொண்டையில் இரண்டு நாள் நிற்கும்.

காரணம் இதுதான். டிரைவ் பக்கம் உள்ள நுனி எல்லா இடத்திலும் ஒன்று, அதற்கு விதிமுறை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள நுனிக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் 5 வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் இஷ்டம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். நான் செருகிய கேபிள், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட்டை அனுப்பியது.

ஹார்டு டிஸ்க் பிழைத்தது. அதன் போர்டில் அதிக வோல்ட் வந்தால் தன்னைப் பலி கொடுக்கும் டயோடு ஒன்று இருக்கும், எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. டேட்டா மீட்பவர் ஒருவர் அதைக் கழற்றி எறிந்ததும் டிஸ்க் சுழன்றது. எஸ்எஸ்டி போனது போனதுதான். வாடிக்கையாளரிடம் என் தப்பு என்று சொல்லி, புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவருடைய மகளின் முதல் வருடப் படங்களுக்கு ஹார்டு டிஸ்கில் காப்பி இருந்தது. இல்லையென்றால் எதை வாங்கிக் கொடுத்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்களை ஒரு பையில் போட்டு, மாடல் பெயரை டேப்பில் எழுதி ஒட்டிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ் போனால் பையும் சேர்ந்தே போகும்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. புது எஸ்எம்பிஎஸ் போட்டும் அப்படியே.

பதில்: புது எஸ்எம்பிஎஸ் பாவம். உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள், லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, உலோகக் கூட்டுக்கு இணைத்திருப்பார்கள். அவற்றின் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் முழுவதும் மெயின் வோல்ட்டேஜில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். 230 வோல்ட் என்றால் 115 சுமார். மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கிறது.

சுருக்கென்றதை விட்டுவிடலாம். ஆனால் நாளைக்கு உள்ளே ஏதாவது நிஜமாகவே ஷார்ட் ஆனால் அது போக வேறு வழியில்லை, உங்கள் கை வழிதான். டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது பொறி பறந்து போர்ட் போனதையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இந்த வாரமே.

கேள்வி: பத்து வருடம் பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தால் ஃபேன் சுற்றுகிறது. அப்படியானால் நல்லதுதானே, புது மெஷினில் போடலாமா?

பதில்: ஃபேன் சுற்றினால், ஆன் ஆகிறது என்று மட்டும் தெரியும். நாடி பார்த்தாயிற்று; மூட்டை தூக்குவாரா என்று இன்னும் பார்க்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் முதலில் கிழடு தட்டுவது எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். 10 டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பத்து வருடம் தூசியோடும் அனலோடும் வாழ்ந்ததை, ஒரு வருடம்கூட ஆகாத கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டிவைக்காதீர்கள். பழைய மெஷினிலேயே போட்டு, லோடு கொடுத்து, மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சாஃப்ட்வேர் காட்டும் வோல்ட்டை நம்ப வேண்டாம். 12 வோல்ட்டுக்கு 8 வோல்ட் காட்டிய மெஷின் என் மேசையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

கெபாசிட்டரை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று இவரே கடைசி வரியில் எழுதியிருக்கிறார். வேண்டாம் சார். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 400 வோல்ட் பக்கம் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் அப்படியே காத்திருக்கும்.

கேள்வி: 600 விஏ யூபிஎஸ் வைத்திருக்கிறேன், என் கம்ப்யூட்டர் 450 வாட் எடுக்கும். 600ஐவிடக் குறைவுதானே?

பதில்: விஏ வேறு, நிஜமாகக் கிடைக்கும் வாட் வேறு. யூபிஎஸ்ஸின் பின்னால் பாருங்கள், 600 விஏக்குப் பக்கத்தில் 360 வாட் என்ற மாதிரி ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் எண். கரண்ட் போகிற நேரம் நீங்கள் கேமில் இருந்தால் யூபிஎஸ்ஸும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் புது 16 பின் கனெக்டர் உருகிவிடுமாமே?

பதில்: 2022 கடைசியில் அப்படிச் சில உருகியது உண்மை. 600 வாட் வரை கடத்தும் சின்ன கனெக்டர் அது. முழுசாக உள்ளே போகாமல் ஒரு நூல் இடைவெளி இருந்தால், தொடுகிற பரப்பு குறைந்து அங்கே சூடேறும். 2023இல் பின்களின் நீளத்தை மாற்றி 12வி 2எக்ஸ்6 என்று திருத்தி வெளியிட்டார்கள். சரியாகச் செருகவில்லையென்றால் கார்டே மின்சாரம் வாங்க மறுக்க வேண்டும் என்பது திருத்தத்தின் நோக்கம். கண் எதிரே வெளிச்சம் பிடித்து, இடைவெளியே தெரியாத வரை அழுத்துங்கள். கேபிளை வளைப்பதாக இருந்தால் கனெக்டரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி வளையுங்கள். கேபினட் கண்ணாடி கேபிளை அழுத்துகிறது என்றால் கார்டுக்கு ஏற்ற கேபினட் அதுவல்ல.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா? எனக்கும் என் அண்ணனுக்கும் பந்தயம்.

பதில்: கேபினட்டின் அடியில் துளையும் வலையும் இருந்து, தரைக்கும் அதற்கும் இடைவெளியும் இருந்தால் கீழே. அடியில் துளையே இல்லையென்றால் மேலே. கம்பளத்தின் மேல் வைத்திருக்கிறீர்கள் என்றால் பந்தயத்தில் இரண்டு பேரும் தோல்வி, முதலில் மெஷினை அங்கிருந்து தூக்குங்கள்.